செடியில் பிறந்த பிளாஸ்டிக் எல்லாம் மண்ணில் மக்குமா?

காய்கறிச் சந்தைகளிலும் விதைக் கடைகளிலும் அண்மைக் காலமாக ஒரு புதுச் சரக்கு தலைகாட்டி வருகிறது. "மக்காச்சோளத்தில் செய்த பை", "கரும்பில் செய்த உறை", "மரவள்ளி மாவில் செய்த தாள்" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அதன்மேல் பச்சை எழுத்தும் ஓர் இலைப் படமும் அச்சாகியிருக்கும். விலை சாதாரணப் பையைவிடக் கூடுதல். பயிற்சிகளுக்கு வரும் உழவர்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "செடியிலிருந்து வந்தது என்றால் எருக்குழியில் போட்டுவிடலாமா? மண்ணோடு மண்ணாகிவிடும் அல்லவா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவதானால், "எல்லாம் ஆகாது" என்பதே விடையாகும். செடியில் பிறந்த பிளாஸ்டிக்கில் மக்குவதும் உண்டு, மக்காததும் உண்டு. கச்சா எண்ணெயில் பிறந்ததிலும் அப்படியே. ஆகவே, ஒரு பை எதிலிருந்து பிறந்தது என்று பார்த்து வாங்குவதைவிட, பயன்படுத்திய பின் அது எங்கே போய் முடியும் என்று பார்த்து வாங்குவதே உழவருக்கு நன்மை பயக்கும். முடிவுக்கு வழி சொல்லாமல் பையை மட்டும் விற்பது, அந்தக் குப்பையைச் சுமக்கும் வேலையை உழவரின் நிலத்தின் தலையில் கட்டுவதாகும். இக்கட்டுரையின் கருத்து இதுவே.

மணலியில் தெரியும் இரு முனைகள்

இதைப் பேசுவதற்கு வட சென்னையை அடுத்த மணலியைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை எனலாம். பிளாஸ்டிக்கின் தொடக்கத்தையும் முடிவையும் அங்கே ஒருசேரக் காணலாம்.

1965ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கியது. இன்று அது சென்னைப் பெட்ரோலியக் கழகம். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது கிடைக்கும் பொருள்களுள் நாஃப்தா ஒன்று. நாட்டின் பிளாஸ்டிக் ஆலைகள் பலவற்றுக்கு நாஃப்தாவே மூலப்பொருள். அதே நாஃப்தாவிலிருந்துதான் பக்கத்திலிருக்கும் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை 1971 முதல் பல்லாண்டுகள் அம்மோனியாவும் யூரியாவும் தயாரித்து வந்தது. 2019இல் அவ்வாலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. நம் உழவர்கள் நன்கறிந்த "விஜய்" யூரியா அங்கிருந்து வருவதே. அந்த யூரியா நம் வீட்டுக்கு வருவதும் பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கில்தான்.

மறுமுனை கொடுங்கையூர். மணலிக்கு அருகிலேயே உள்ள அக்குப்பைமேட்டில் 1980களிலிருந்து சென்னை நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. 250 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழங்குப்பை சேர்ந்துள்ளதாகக் கணக்கிடப்பட்டு, அதைத் தோண்டிப் பிரிக்கும் பணி 2024இல் தொடங்கியது. அத்தனை ஆண்டுகளில் வாழைமட்டையும் கீரைத்தண்டும் சோறும் மண்ணாகிவிட்டன. பாலிதீன் மட்டும் பாலிதீனாகவே இருக்கிறது. சலித்தெடுக்கும்போது மண் ஒரு பக்கமும் பிளாஸ்டிக் ஒரு பக்கமுமாகப் பிரிவதே இதற்குச் சான்று.

இவ்விரு முனைகளுக்கும் இடையில்தான் மாதவரம், செங்குன்றம், மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களின் சிறு உழவர்கள் நெல்லும் கீரையும் காய்கறியும் பூவும் விளைவிக்கிறார்கள். மழைக்காலத்தில் வாய்க்காலை அடைப்பதும், ஏர் ஓட்டும்போது கொழுவில் சுற்றிக் கொள்வதும், மாட்டின் வயிற்றில் சேர்வதும் இந்தப் பாலிதீனே.

பிறப்பு வேறு, முடிவு வேறு

"செடியிலிருந்து பிளாஸ்டிக்" என்பது ஏதோ இன்றைய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நம் நாட்டில் முதன்முதல் பாலிதீன் தயாரித்த ஆலை 1959இல் மேற்கு வங்காளத்தின் ரிஷ்ராவில் தொடங்கியது. அங்கே பாலிதீன் செய்யப்பட்டது கச்சா எண்ணெயிலிருந்து அல்ல. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்திலிருந்து. தமிழகத்தில் மேட்டூரில் 1960களில் தொடங்கிய பி.வி.சி. ஆலையும் எரிசாராயத்தை மூலப்பொருளாகக் கொண்டதே. கச்சா எண்ணெய் சார்ந்த பொருள்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே தொழில் அந்தப் பக்கம் சாய்ந்தது.

கரும்பில் பிறந்த அந்தப் பாலிதீன் மண்ணில் மக்கியதா? இல்லை. காரணம் எளிது. எரிசாராயத்திலிருந்து எத்திலீன் என்னும் வாயு எடுக்கப்படுகிறது; அவ்வாயுவின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன; அதுவே பாலிதீன். எத்திலீன் கரும்பிலிருந்து வந்தாலும் கச்சா எண்ணெயிலிருந்து வந்தாலும் சங்கிலி ஒன்றே. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடம் அந்தச் சங்கிலியை அறுக்கும் கருவி இல்லை என்றே சொல்லலாம். நுண்ணுயிருக்குச் சங்கிலிதான் தெரியும். அதன் பூர்வீகம் தெரியாது. பிரேசில் நாட்டில் 2010இல் ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில் தொடங்கிய கரும்புப் பாலிதீன் ஆலை ஒன்று இயங்கி வருகிறது. அதுவும் மக்காத பாலிதீனே. கச்சா எண்ணெயை மிச்சப்படுத்துகிறது என்பது அதன் சிறப்பு. நிலத்தைப் பொறுத்தவரை வேறுபாடு ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. இன்று "மக்கும் பை" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பி.பி.ஏ.டி. என்னும் பொருளுடன் மாவுச்சத்தோ பி.எல்.ஏ. என்னும் பொருளோ சேர்த்துச் செய்யப்படுபவை. இவற்றுள் பி.பி.ஏ.டி. பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தே செய்யப்படுகிறது. ஆனாலும் நுண்ணுயிர்கள் அதை அறுத்து உண்ண வல்லவை. ஆக, செடியில் பிறந்து மக்காததும் உண்டு. எண்ணெயில் பிறந்து மக்குவதும் உண்டு. இலைப் படத்தை நம்பி வாங்குவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

எந்தக் குழியில் மக்கும்?

சரி, "மக்கும்" என்று முத்திரை பெற்ற பையையாவது எருக்குழியில் போடலாமா? இங்கேதான் உழவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய நுணுக்கம் உள்ளது.

மக்கும் பிளாஸ்டிக்குக்கு நம் நாட்டில் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தர நிர்ணயம் பின்பற்றப்படுகிறது. அதன்படி நடைபெறும் சோதனை, சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தக்க ஈரமும் காற்றும் உள்ள கம்போஸ்ட்டில் செய்யப்படுவது. 180 நாள்களுக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறினால் அது தேறியதாகும். அதாவது, இயந்திரங்களைக் கொண்டு கிளறி, ஈரம் பார்த்து, வெப்பம் காக்கும் பெரிய கம்போஸ்ட் நிலையத்துக்கு ஏற்ற சோதனை அது.

நம் தோட்டத்து எருக்குழி அப்படிப்பட்டதா? சாணமும் பசுந்தழையும் வைக்கோலும் கலந்து ஐந்தடி உயரத்துக்குக் குவித்தால், உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடேறுவது உண்டு. ஆனால் அச்சூடு சில நாள்கள், மிஞ்சினால் இரண்டொரு வாரங்கள் நிற்கும், பிறகு இறங்கிவிடும். ஓரங்களில் அந்தச் சூடும் இராது. மண்புழு உரத் தொட்டியிலோ வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையேல் புழுக்கள் மடியும். மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்துச் செய்யப்படும் பி.எல்.ஏ.வின் சங்கிலி முதலில் சூட்டிலும் ஈரத்திலும் உடைந்தாக வேண்டும். அதன் பின்னரே நுண்ணுயிர்கள் அதைத் தொடும். சூடு போதாத குழியிலும் சாதாரண வயல் மண்ணிலும் அது ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கக் கூடும்.

ஆகவே, "கம்போஸ்ட்டாக மக்கும்" என்பது வேறு; "வயல் மண்ணில் மக்கும்" என்பது வேறு. முத்திரை முன்னதற்கு மட்டுமே சான்று. இவ்வேறுபாட்டை விற்பவர் சொல்வதில்லை. வாங்குபவர் கேட்பதும் இல்லை.

மாவு கலந்த பாலிதீன்

இன்னொரு வகை, மாவுச்சத்தைப் பாலிதீனோடு கலந்து செய்யும் பைகள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி மாவைப் பாலிதீனுடன் கலந்து தாள் செய்யும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது. மரவள்ளிக்குப் புதிய பயன் தேடிய நல்ல முயற்சி அது. பாலிதீனின் அளவும் அதனால் குறையும். ஆனால் இவ்வகைப் பொருளை மண்ணில் இட்டால் நுண்ணுயிர்கள் மாவை மட்டும் தின்றுவிடும். எஞ்சிய பாலிதீன் பொடிப்பொடியாக உதிரும். கண்ணுக்குப் பை மறைந்துவிடும். மண்ணிலோ பாலிதீன் தூள் தங்கிவிடும். இரசாயனம் சேர்த்து வெயிலில் உதிரும்படி செய்த பைகளின் கதையும் இதுவே. உதிர்வது வேறு, மக்குவது வேறு. முழுத் தாளைக் கையால் பொறுக்கி எடுக்கலாம். தூளாகிவிட்டதை யாராலும் பொறுக்க முடியாது.

மூடாக்குத் தாளின் கணக்கு

மிளகாய், தக்காளி, தர்ப்பூசணி பயிரிடுவோர் இன்று பிளாஸ்டிக் மூடாக்கு விரிக்கின்றனர். களை கட்டுப்படும், நீர் மிச்சமாகும், கூலி குறையும் என்பதெல்லாம் உண்மை. அதை வேண்டாம் என்று சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 25 மைக்ரான் தாள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிராம் எடை இருக்கும். ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். பாத்திகளின் மேல் மட்டும் விரித்து, பாதிப் பரப்பை மூடுவதாக வைத்துக் கொண்டாலும் 46 கிலோ பிளாஸ்டிக் ஆகிறது. அறுவடைக்குப் பின் பத்தில் ஒரு பங்கு கிழிந்து மண்ணில் தங்கினால் போகத்துக்கு நாலரைக் கிலோ. பத்துப் போகத்தில் ஏறக்குறைய 46 கிலோ பிளாஸ்டிக் அந்த ஏக்கரில் புதைந்துவிடும். மெல்லிய தாள் மலிவு. ஆனால் வெயிலில் விரைவில் இற்றுக் கிழிவதும் அதுவே. ஆகவே தாளின் விலையோடு, அதைச் சுருட்டி எடுக்கும் கூலியையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

வயல் மண்ணிலேயே மக்கும் மூடாக்குத் தாளுக்கென ஐரோப்பாவில் 2018இல் தனித் தரம் வகுத்தனர். சாதாரண மண் வெப்பத்தில் இரண்டாண்டுகளுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. "மக்கும் மூடாக்கு" என்று யாராவது விற்க வந்தால், "கம்போஸ்ட்டில் மக்குமா, வயல் மண்ணில் மக்குமா? எந்தத் தரப்படி சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். விடை எழுத்தில் வராவிட்டால் வாங்க வேண்டாம். வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை மட்டை ஆகியவை கிடைக்கும் இடத்தில் அவற்றையே மூடாக்காக இடுவது செலவையும் குறைக்கும், மண்ணையும் வளப்படுத்தும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமன்று. உலக உணவு, வேளாண்மை நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2019ஆம் ஆண்டில் உலக அளவில் வேளாண்மையிலும் அதனைச் சார்ந்த தொழில்களிலும் 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக் பொருள்கள் பயன்படுத்தப்பட்டன. நகரம் குப்பை போடுகிறது, கிராமம் சுமக்கிறது என்பது பாதி உண்மையே. நாமும் போடுகிறோம்.

கால்நடைக்கு வரும் கேடு

2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு பசுவுக்குச் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. தோலும் சாறும் ஒட்டிய பையை மாடு உணவென்றே எண்ணித் தின்கிறது. அசை போடும் வயிற்றில் அது திரண்டு கட்டியாகிவிடும், தீவனத்துக்கு இடமிராது, மாடு மெலியும், பால் குறையும். அந்தப் பை கரும்பில் பிறந்ததா, கச்சா எண்ணெயில் பிறந்ததா என்று மாட்டின் வயிறு பார்ப்பதில்லை. "மக்கும் பை" என்றாலும் அது தீவனம் ஆகாது. எனவே எந்தப் பையானாலும் மேய்ச்சல் நிலத்தில் எறிதல் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018 ஜூனில் ஆணை பிறப்பித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. தூக்குப் பைகள், உணவு கட்டும் தாள், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளை ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். காகிதக் குவளை மரத்திலிருந்து வந்ததுதானே என்று எண்ணுபவர்கள் உண்டு. உள்ளே பாலிதீன் பூச்சு இருப்பதால் அதுவும் மக்காது. பார்வைக்குத் துணி போலிருக்கும் நெய்யாத பைகளும் தடைப் பட்டியலில் உள்ளவையே. அவையும் பிளாஸ்டிக் இழையாலானவை. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் பலவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. இடையில், 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது.

மக்கும் பிளாஸ்டிக்கில் செய்து உரிய முத்திரையிட்ட தூக்குப் பைகளுக்கு 2018ஆம் ஆண்டின் ஆணையில் விலக்கு அளிக்கப்பட்டது. இந்த விலக்கின் நிழலில் போலிகளும் புகுந்துவிடுகின்றன. எனவே வாங்கும் முன் நான்கு செய்திகளைப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் உள்ளனவா? "மக்கும் தன்மையுடையது" என்னும் பொருளில் தெளிவாக அச்சிட்டிருக்கிறதா? தர எண் உள்ளதா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் உள்ளதா? "இயற்கைக்கு உகந்தது", "பசுமைப் பை", "செடியில் செய்தது" ஆகிய சொற்கள் மட்டும் இருந்தால் அவை விளம்பரமே தவிரச் சான்று ஆகா.

மண் அறிந்த சிப்பங்கள்

செடியில் செய்த சிப்பம் வேண்டுமென்றால் அதற்கு ஆலை தேவையில்லை. வாழையிலை, வாழைநார், மந்தாரை இலை, பாக்கு மட்டை, பனையோலைப் பெட்டி, சணல் சாக்கு ஆகியவை அனைத்தும் செடியில் பிறந்து, நம் எருக்குழியிலேயே மக்குபவை. உணவு தானியங்களைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்பதற்காக 1987இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியுள்ளது. வட சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகள் பெயர் பெற்றவை. கருப்பட்டியும் தின்பண்டமும் காய்ந்த மீனும் கட்டுவதற்கு அவை ஏற்றவை.

இவற்றால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் கூறமாட்டேன். பாலிதீன் ஈரத்தைக் காக்கும். இலை அவ்வளவு காக்காது. தொலைதூரச் சந்தைக்குப் போகும் சரக்குக்கு இலைக்கட்டு போதாது. ஆனால் மீஞ்சூரிலோ செங்குன்றத்திலோ விடியுமுன் அறுத்த கீரை ஓரிரு மணி நேரத்தில் சந்தையை அடைகிறது. அதற்கு வாழைநார்க் கட்டும், மேலே நனைத்த கோணியும் போதுமானவை. தக்காளி, கத்தரிக்குத் திரும்பத் திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கூடையே நல்லது. பல ஆண்டுகள் உழைக்கும் கூடையையும், குழித்தட்டையும், சொட்டுநீர்க் குழாயையும் பகைக்க வேண்டியதில்லை. பகைக்க வேண்டியது, ஒரு காலைப் பொழுது உழைத்துவிட்டு நூறாண்டு கிடக்கும் பையைத்தான்.

மரவள்ளி, கரும்பு உழவர்களுக்கு வாய்ப்பா?

"பிளாஸ்டிக் ஆலை வந்தால் எங்கள் கிழங்குக்கு விலை கிடைக்குமா?" என்று சேலம், நாமக்கல் பகுதி உழவர்கள் கேட்பதும் நியாயமே. புனே அருகே ஜெஜூரியில் 2024இல் கரும்புச் சர்க்கரையிலிருந்து பி.எல்.ஏ. செய்யும் முன்னோடி ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் பெரிய சர்க்கரை நிறுவனம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 75,000 டன் பி.எல்.ஏ. தயாரிக்கும் திட்டத்தை அதே ஆண்டில் அறிவித்தது. எனவே இது வெறும் கனவன்று.

ஆயினும் நம் உழவர்கள் மூன்று நிபந்தனைகளை முன்வைக்க வேண்டும். முதலாவதாக, விலை முன்னதாகவே எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். ஜவ்வரிசி விலை சரிந்தபோதெல்லாம் கிழங்கு விலையும் சரிந்த அனுபவம் நமக்கு உண்டு. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கும் தரகர் பிடியிலிருந்து தொழிலைக் காக்க வேண்டிய தேவையே காரணம். இரண்டாவதாக, உணவுக்கான நல்ல நிலத்தையும் நீரையும் பைக்காகத் திருப்புவதைவிட, கரும்புச் சக்கை, வைக்கோல், திப்பி போன்ற மிச்சப் பொருள்களிலிருந்து தொடங்குவதே முறை. கரூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து வருவது நல்ல முன்மாதிரி. மூன்றாவதாக, ஆலையோடு கம்போஸ்ட் நிலையமும் வர வேண்டும். மக்கும் பையைச் செய்துவிட்டு அது மக்குவதற்கு இடம் செய்யாவிட்டால், அதுவும் கொடுங்கையூர் மேட்டுக்கே போய்ச் சேரும்.

யார் திரும்ப எடுப்பது?

இங்கே என் கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறேன். பூ விற்கும் பெண்ணிடமும் கீரை விற்கும் கிழவரிடமும் பையைப் பறிமுதல் செய்வது எளிது. உர மூட்டை, பூச்சிமருந்துப் புட்டி, விதை உறை, மூடாக்குத் தாள் ஆகியவற்றை விற்றவர் திரும்ப எடுக்கிறாரா என்று கேட்பதுதான் கடினம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகளின்படி, பிளாஸ்டிக் சிப்பத்தைத் தயாரிப்பவருக்கும், இறக்குமதி செய்பவருக்கும், அதில் தம் பெயரில் சரக்கை அடைத்து விற்பவருக்கும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உண்டு. மக்கும் பிளாஸ்டிக்கும் அவ்விதிகளில் தனி வகையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் இந்தப் பொறுப்பு கணக்கேட்டில் தீர்ந்துவிடுகிறதே தவிர, கிராமத்தில் ஒரு சேகரிப்பு மையமாக வந்து நிற்பதைக் காண்பது அரிது.

வழி கடினமானதன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உரம் விற்கின்றன. உரம் கொண்டு வரும் அதே லாரி காலியாகத் திரும்புகிறது. அதில் காலிச் சாக்கும் கிழிந்த மூடாக்கும் திரும்பிப் போகலாம். கிலோவுக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் உழவர் வீட்டில் ஒரு துண்டும் மிஞ்சாது. தமிழகத்திலேயே இதைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் மணலிதான். உர ஆலை அங்கே, எண்ணெய் ஆலை அங்கே, குப்பைமேடு பக்கத்தில், சுற்றிலும் சிறு உழவர்கள். பிளாஸ்டிக் எரிப்பு ஆலைகளின் புகையையும் சாம்பலையும் பற்றிக் குறைப்பட்டுக் கொள்ளும் மக்களுக்கு, பிரித்துச் சேகரித்துத் திருப்பி அனுப்பும் நிலையம் ஆறுதலாக இருக்கும். அதோடு, சந்தைக் கழிவையும் முத்திரை பெற்ற மக்கும் பைகளையும் முறையான சூட்டில் மக்க வைக்கும் கம்போஸ்ட் நிலையம் ஒன்றையும் வட சென்னையில் அமைத்து, சலித்த எருவைச் சுற்றுவட்டார உழவர்களுக்குத் தர வேண்டும். அந்நிலையம் வரும் வரையில் "மக்கும் பை" என்ற பெயரில் கூடுதல் விலை வாங்குவது நியாயம் ஆகாது.

நாம் செய்ய வேண்டியவை

அரசும் ஆலையும் செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, உழவர்கள் இன்றே செய்யக் கூடியவையும் உண்டு.

எந்தப் பையையும் வரப்பில் எரிக்க வேண்டாம். பி.வி.சி. போன்றவை எரியும்போது டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றும். காலி உரச் சாக்கை வெயிலில் போடாமல் நிழலில் மடித்து வைத்தால் பலமுறை பயன்படும். வெயிலில் கிடந்தால் நூல் நூலாக இற்றுப் போகும். பூச்சிமருந்துப் புட்டியை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியில் துளையிட்டுத் தனியே வைக்க வேண்டும். அதில் குடிநீரோ எண்ணெயோ வைத்தல் கூடவே கூடாது. நகரக் கம்போஸ்ட் வாங்கும்போது ஒரு கூடை எடுத்துச் சலித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்கு மிகுதியாக இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

"மக்கும் பை" பற்றி ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு நைலான் வலைப் பைகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் பாக்கு மட்டைத் தட்டின் துண்டுகளையும், மற்றொன்றில் ஐயத்துக்குரிய பையின் துண்டுகளையும் இடுங்கள். இரண்டையும் ஒரே எருக்குழியில், ஒரே ஆழத்தில் புதைத்து, அடையாளக் குச்சி நடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். மட்டை கரைந்து, பை அப்படியே இருந்தால், அந்தப் பை உங்கள் குழிக்கு உரியதன்று என்பது தெளிவு. துண்டுகள் உதிர்ந்து பொடியாக மட்டும் ஆகியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம். வலையோடு எடுத்துவிடுவதால் சோதனையின் குப்பையும் மண்ணில் தங்காது. செலவு ஏதுமில்லை. ஊர் உழவர் மன்றத்தில் பத்துப் பேர் கூடிச் செய்தால் ஊருக்கே பயன்படும்.

சந்தைக்குப் போகும்போது கூடையோ கோணியோ மஞ்சள் பையோ எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக் கூட்டம் நடக்கும்போது, "காலிச் சாக்கையும் மூடாக்குத் தாளையும் யார் திரும்ப எடுப்பது?" என்று எழுந்து கேளுங்கள், அக்கேள்வியைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். உழவர் கேட்காத வரையில் அதற்கு விடை வரப்போவதில்லை.